அரசரை எழுப்பும் பரம்பரை

இங்கிலாந்தில் ஒரு அரசர் கண்ணை மூடினால் அடுத்தவருக்கு முடிசூட்டியாக வேண்டும். அந்த விழாவில் பிரபுக்களுக்கு ஆளுக்கொரு வேலை உண்டு. அரசருக்குக் கையுறை நீட்ட ஒரு குடும்பம், கைகழுவத் தண்ணீர் ஊற்ற ஒரு குடும்பம். தார்ன்பி பிரபுவின் குடும்பத்துக்கு வாய்த்தது இது: பேராயர் பிரசங்கம் செய்யும்போது அரசர் தூங்கிப்போனால், வெள்ளிப் பூண் போட்ட கோலால் எழுப்பிவிடுவது. இந்த மகத்தான சேவைக்கு நானூறு வருஷம் முன்னால் மானியமாகக் கிடைத்ததுதான் அவர் குடியிருந்த அறுபது அறை மாளிகை. வேலை போனால் வீடும் போகும்.

புது அரசர் வந்ததும், யாருக்கு என்ன உரிமை என்று விசாரிக்க ஒரு கமிட்டி உட்கார்ந்தது. தார்ன்பி தன் மனைவி ஹானோரியாவைக் கூட்டிக்கொண்டு லண்டன் போனார். கமிட்டித் தலைவர் பிளம்வெல் பிரபு பொய்முடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"உம்ம குடும்பம் கடைசியா எப்போ இந்த வேலையைப் பாத்துது?"

"எங்க தாத்தா பாத்தாருங்க. இப்போ இருக்கற அரசரோட கொள்ளுத்தாத்தாவுக்கு விலாவுல ரெண்டு குத்து."

"அப்போ அரசர் தூங்கினார்ங்கறீர். அது ராஜ நிந்தனை. சிறையில போடலாம், தெரியுமா?"

தார்ன்பிக்கு வேர்த்துவிட்டது. "இல்லீங்க, அவர் தூங்கவே இல்ல."

"அப்படின்னா உம்ம தாத்தா வேலையே பாக்கல. வீட்டுச் சாவியை மேசை மேல வையும்."

ஹானோரியா கணவரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "ஐயா, அன்னிக்கு அரசர் கண்ணை மூடி நாட்டைப் பத்திச் சிந்திச்சிட்டு இருந்தார். எங்க மாமனாரோட அப்பா அவரைச் சிந்தனையிலேருந்து திருப்பிக் கூட்டிட்டு வந்தார். அவ்வளவுதான்."

"பழைய ஏட்டுல அவர் குறட்டை விட்டதா எழுதியிருக்கே?"

"சத்தமா சிந்திக்கற வம்சமுங்க அது."

கமிட்டி குசுகுசுவென்று பேசியது. உரிமை நிலைநாட்டப்பட்டது.

விழா வந்தது. பேராயர் ஆதாமிலிருந்து ஆரம்பித்தார். இரண்டு மணி நேரமாகியும் நோவா கப்பலில் ஏறியபாடில்லை. மந்திரிகள் சிந்தித்தார்கள். கமிட்டி சத்தமாகவே சிந்தித்தது. அரசர் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். பக்கத்தில் ஒருவன் கோலோடு நின்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அந்தக் கோலைப் பிடித்திருந்த தார்ன்பியோ நின்றபடியே தூங்கிப்போனார். கோல் நழுவியது. அரசர் அதைப் பிடித்து அவர் விலாவில் மெல்ல ஒரு குத்து குத்தினார்.

"ஓய், விழுந்து வைக்கப் போறீர்."

மறுவாரம் கமிட்டியின் தாக்கீது வந்தது. மேற்படி சேவையை மாட்சிமை தங்கிய அரசரே நேரில் புரிந்துவிட்டபடியால், மேற்படி மாளிகை இனி அரசரையே சேரும்.

தார்ன்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஹானோரியா தொப்பியை மாட்டினாள். "எந்திரிங்க, போவோம்."

கமிட்டி முன்னால் நின்று அவள் கேட்டாள். "எழுப்பற வேலை அரசரோடது. சரிதான். எழுப்பணும்னா தூங்கறதுக்கு ஆள் வேணுமே?"

"வேணும்தான்" என்றார் பிளம்வெல்.

"ஆள் இல்லேன்னா அரசர் வேலையே பாக்கலன்னு ஆயிடும். அப்புறம் வீட்டுச் சாவியை அவர்கிட்டயா போய்க் கேப்பீங்க?"

கமிட்டிக்கு முகம் வெளிறியது. "யாரும்மா அப்படித் தூங்குவா?"

"இதோ நிக்கறாரே. முன்னனுபவம் உள்ளவர். நின்னுக்கிட்டே தூங்குவார்."

தார்ன்பி அன்றே 'அரச சமூகத்தின் பரம்பரைத் துயிலுநர்' ஆனார். தங்குமிடம், மேற்படி மாளிகையே.

செய்தி பரவிய ஒரு மாதத்தில் துயிலுநர் பதவி கேட்டு நாற்பத்திரண்டு பிரபுக்கள் மனுப் போட்டார்கள். ஒவ்வொருவரும், பிரசங்கம் நோவாவை எட்டும் முன்பே தான் தூங்கிவிட்டதாகச் சாட்சியோடு வந்தார். கமிட்டியும் யோசித்து, பிரசங்கத்தைக் கேட்பதற்கென்றே ஒரு பதவியை உண்டாக்கி, அதற்கு இரண்டு மாளிகை தருவதாக அறிவித்தது. அதற்கு இன்றுவரை, பேராயர் உட்பட, ஒருவரும் மனுப் போடவில்லை.