மாசிலாமணியின் ஒட்டுப் பரீட்சை

புள்ளிக் கோழியை மாசிலாமணி கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அது கொல்லையில் ஓர் உடைந்த ஓட்டின் மேல் நின்று அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. எதைத் தின்றுவிட்டுத் துடைக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. மத்தியானம் உபதேசியார் நேசமணி சாப்பிட வந்தார். கோழி குழம்பாக வந்தது.

கொல்லம் ஆண்டு 1107. அறுப்பின் பண்டிகைக்குள் கோயில் சுவருக்கு நோவாவின் பேழையை ஒட்டுப் படமாகச் செய்து தருவேன் என்று சபையார் முன்னால் எழுந்து நின்று சொல்லியிருந்தார் மாசிலாமணி. கன்னியாகுமரி மணல், குளச்சல் சிப்பி, பனம்பாளை, தென்னந்தும்பு எல்லாம் சேர்த்து ஒரு பலாப் பலகையில்.

"முடியலேன்னா சொல்லும் வே. நாகர்கோவில்ல ஒரு அச்சுப் படம் வாங்கி மாட்டிருவோம்" என்றார் உபதேசியார், எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

அச்சுப் படமா! மாசிலாமணி கையிலிருந்த கோழித் துண்டை இலையிலேயே போட்டுவிட்டார்.

ஆனால் அவரிடம் ஒரு பிரதிக்ஞை இருந்தது. பரீட்சை செய்யாமல் ஒரு பொடி மணலைக்கூடப் பலகையில் வைப்பதில்லை. ஒரு வாரமாகவே கொல்லையில் ஓட்டுக்கு ஒரு பசை தடவி, சிப்பி ஒட்டி, வெயிலிலும் மழையிலும் வைத்திருந்தார். விளாம்பிசின் வெடித்தது. முட்டை வெள்ளை நாறியது. மரச்சீனிக் கிழங்குக் கூழ் தடவிய ஓடு மொட்டையாகக் கிடந்தது. சிப்பி தனியே உருண்டு கிடந்தது. 'மரச்சீனி தோல்வி' என்று தீர்ப்பளித்தார். தேறியது ரப்பர் பால் ஒன்றுதான்.

"கேட்டியளா, படத்த எப்போ தொடங்கப் போறிய?" என்றாள் மனைவி சத்தியபாய்.

"ஏட்டி, ஒட்டினது காயணும்லா?"

"காயட்டும். சட்டி பானை எல்லாம் பசையாக் கெடக்கு. எங்க வயிறும் சேந்து காயுது."

"பரீட்சை பண்ணாம எதையும் தொடமாட்டேன்."

"என்னைக் கட்டும்போ எந்த ஓட்டுல ஒட்டிப் பாத்திய?"

மாசிலாமணி ஓடுகளை எண்ணப் போய்விட்டார். பண்டிகைக்கு முந்தின நாள் விடியலில், இன்னும் ரப்பர் பால் வேண்டும் என்று கீரிப்பாறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டுப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தால், பலகை நிறைந்திருந்தது. கருமணல் கடல். சிப்பி அலை. பனம்பாளைப் பேழை. நோவாவுக்குத் தும்புத் தாடி. மேலே பறந்த பறவைகளுக்கெல்லாம் புள்ளி இறகு.

"யாருடி செய்தா?"

"நாந்தான். கை போன போக்குல அள்ளி வச்சேன்."

"எதுல ஒட்டின?"

"மரச்சீனி மாவக் காய்ச்சி."

"அது தோத்த சரக்குட்டி!"

"அது தோக்கல. ஓட்டுல இருந்த கூழக் கோழில்லா கொத்தித் தின்னுச்சு. நான் கண்டேன்."

"அப்பமே சொல்லக் கூடாதா?"

"பரீட்சை நடக்கையிலே வாயத் தெறக்காதேன்னு சொன்னது யாரு?"

மாசிலாமணி படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பேராவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று, ஓலையில் எழுத்து எழுத்தாகத் தன் பேரை வெட்டி எடுத்தார். ரப்பர் பாலில் ஒட்டப் போனார்.

"அதையும் மாவுல ஒட்டுங்களேன்."

"என் பரீட்சை பொய்க்காது. வேணும்னா ஒப்பிட்டுப் பாப்போம். முதல் எழுத்து ஒன்ன மட்டும் உன் கூழுல ஒட்டு."

அவள் ஒட்டினாள். மற்ற நாலையும் அவர் ஒட்டினார். ஓட்டில் நின்ற ரப்பர் பால் பலாப் பலகையில் நிற்குமா என்பதை மட்டும் அவர் பரீட்சை செய்திருக்கவில்லை.

மறுநாள் கோயிலில் ஒரே புழுக்கம். முதல் பாட்டில் 'ணி' விழுந்தது. ஜெபத்தில் 'ம' விழுந்தது. மாசிலாமணி கண்ணைத் திறந்து பார்க்கையில் படத்தின் கீழே 'மாசிலா' என்று இருந்தது. பிரசங்கத்தில் 'லா'வும் போய், 'மாசி' என்று வெறும் கருவாடாக நின்றார். காணிக்கைப் பை வரும்போது 'சி'யும் விழுந்தது.

உபதேசியார் படத்தின் அருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"பலே! எதாலே ஒட்டினதுன்னு கீழேயே எழுதி வச்சிருக்கு. மா! அப்போ இது அடுக்களைக் கைவேலையில்லா? சத்தியபாய், நீயா செய்தே?"

"அவிய பரீட்சை பண்ணினாவ, நான் ஒட்டினேன்" என்றாள் சத்தியபாய், தலையைக் குனிந்துகொண்டு.

அந்தப் படம் இன்னும் கோயில் சுவரில் இருக்கிறது. கீழே 'மா' என்று இருக்கிறது.