பப்ஸ் அண்ணாச்சியும் பொம்மைப் படங்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு படம் ஓடுமா ஓடாதா என்பதை இவ்வளவு உறுதியாக, இவ்வளவு தப்பாகச் சொன்ன மனிதர் பப்ஸ் அண்ணாச்சியைப் போல இன்னொருவர் பிறந்ததில்லை, பிறக்கவும் வேண்டாம். படம் படுத்தால் தயாரிப்பாளருக்கு நஷ்டம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அதெல்லாம் வெளியூர் நிலவரம். இங்கே படம் படுத்தால் வயிறு கெட்டது கொட்டாரத்தில் எங்கள் தெருவுக்குத்தான்.

அண்ணாச்சி எங்கள் தெருக்காரர். பக்கத்துத் தியேட்டரில் கேண்டீன் நடத்தினார். புதுப்படம் வரும்போது கூட்டம் எவ்வளவு வரும் என்று ஊகித்து, பேக்கரியில் முன்கூட்டியே பப்ஸ் சொல்லிவைக்க வேண்டும். ஊகம் தப்பினால் மிச்சம். மிச்சத்தை மறுநாள் விற்க மாட்டார். குப்பையில் போடவும் மனசு வராது. அன்றைக்கே எங்கள் தெருவில் வீடு வீடாக விநியோகம். கதவைத் திறந்ததும் என் மனைவி கேட்பாள்:

"இன்னைக்கு எந்தப் படம் அண்ணாச்சி செத்தது?"

"படம் கொள்ளாம் தங்கச்சி. ஜனத்துக்குத்தான் ரசனை இல்ல."

பெரிய நடிகர் படம் என்றால் ரசிகர் மன்றத்துப் பையன்களை விசாரித்து ஓரளவு தப்பித்துவிடுவார். அவரைப் பிடித்து ஆட்டியது கம்ப்யூட்டரில் செய்கிற பொம்மைப் படங்கள். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்பதால் என்னைத்தான் வழிமறிப்பார்.

"சாரே, நீங்களே சொல்லுங்க. ஹீரோ படத்துக்கு ஒருத்தன் தனியா வருவான், ஒரு டீயக் குடிச்சிட்டுப் போவான். பொம்மப் படத்துக்கு ஒரு பிள்ளை வந்தா அம்மை, அப்பன், மாமி, சித்தப்பன் எல்லாவனும் பொறத்தால வரணும்லா? பிள்ளை பப்ஸ் தின்னா மத்தவன் வாயப் பாத்துட்டா இருப்பான்?"

"வந்தாத்தானே அண்ணாச்சி?"

"உலகம் பூரா வாறான், கொட்டாரத்துக்காரன் மட்டும் வர மாட்டானா?"

டிரெய்லரை ஃபோனில் வைத்துக்கொண்டு அங்கன்வாடி வாசலில் போய் நிற்பார். எந்தப் பிள்ளை சிரிக்கிறது, எந்தப் பிள்ளை மூக்கை நோண்டுகிறது என்று பார்த்து அதற்கேற்ப ஆர்டர். ஒருநாள் டீச்சர் துடைப்பத்தோடு வந்துவிட்டார். "ஒறங்குன பிள்ளையள எல்லாம் எழுப்பி விட்டுட்டேரே, இனி நீரே வந்து ஒறக்கும்!" சமாதானம் பேச அழைக்கப்பட்டது யார்? நான்.

அப்புறம் வந்தது அந்தக் கணவாய் மீன் படம். ஒரு கணவாய்க் குஞ்சு தாயைத் தேடிக் கடலெல்லாம் அலைகிற கதை. கடல் படம் என்பதால் மீன்பிடிக்கிற ஊரான முட்டத்திலிருந்து சனம் அள்ளிக்கொண்டு வரும் என்று அண்ணாச்சி தட்டுத் தட்டாக இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் போகாத நாள். வந்தது ஒரே ஒரு குடும்பம். இடைவேளையில் அந்த வீட்டு அம்மாள் சொன்னாள்: "வாரம் பூரா கணவாய் மூஞ்சியத்தான் பாக்கோம். இன்னைக்கும் துட்டு குடுத்து அதையே பாக்கணுமா? ஆனா உருப்படி நல்லாருக்கு, நல்ல வெலைக்குப் போவும்." அன்று எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடே பப்ஸ்தான். குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம்.

இந்த லட்சணத்தில் தியேட்டருக்குப் புது மேனேஜர் வந்தார். கேண்டீனை ஒரு பாப்கார்ன் கம்பெனிக்குக் கொடுத்துவிடத் துடித்துக்கொண்டிருந்தவர். "அடுத்த படத்து முத ஷோவுலயும் பப்ஸ் மிஞ்சிச்சுன்னா சாவியக் குடுத்திரும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். அடுத்த படம், பறக்கத் தெரிந்த ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றிய பொம்மைப் படம். அண்ணாச்சிக்கு வேறு தொழில் தெரியாது. வேறு ஆசையும் கிடையாது. நான் கெஞ்சினேன்.

"கொஞ்சமாச் சொல்லுங்க அண்ணாச்சி."

"ஹவுஸ்ஃபுல் சாரே. எழுதி வச்சுக்கிடுங்க." மலை மாதிரி சிக்கன் பப்ஸ் சொன்னார். பிள்ளைகளுக்குச் சிக்கன் தவிர வேறெதுவும் கண்ணில் படாதாம்.

ஹவுஸ்ஃபுல்! வாழ்க்கையில் முதல்முறையாக மனிதர் சொன்னது பலித்தது. பரீட்சை முடிந்த வெள்ளிக்கிழமை, மதியம் முதல் காட்சி. சாயங்காலம் மாதா கோயிலில் சிலுவைப்பாதை செபத்துக்குத் திரும்பிவிடலாம் என்று கடற்கரை ஊர்களிலிருந்து வேன் வேனாக வந்திருந்தார்கள். கொட்டாரத்துக் குடும்பங்களும் குறைவில்லை. நான் கேண்டீனில் துணைக்கு நிற்க, அண்ணாச்சி கதவில் காதை வைத்துப் பிள்ளைகளின் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

இடைவேளை விட்டது. பிள்ளைகள் கேண்டீனை மொய்த்தார்கள். பின்னாலேயே தாய்மார்கள்.

"சிக்கனா? வேண்டாம் மக்கா, தவக்காலம்லா. வெள்ளிக்கிழமை கறி திங்கப்பிடாது."

இந்தப் பக்கம் நெற்றியில் குங்குமத்தோடு ஓர் அம்மாள்: "வெள்ளியும் அதுவுமா சிக்கனா? வைலே அத!"

இரண்டு மதங்கள் ஒற்றுமையாக நின்று ஒரு பப்ஸை ஒதுக்கியதை அன்றுதான் பார்த்தேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனிதர்! வெள்ளிக்கிழமை என்றால் ரிலீஸ் என்பதைத் தவிர வேறொன்றும் அவர் மண்டையில் ஏறவில்லை.

படம் முடிந்து வெளியே வரும்போது முட்டத்துக்காரி ஒருத்தி வழி சொன்னாள். "அண்ணாச்சி, பொதிஞ்சு தாரும். நாளைக்கு சனிக்கிழமைல்லா, காலத்த எந்திச்சதும் பிள்ளையளுக்குக் குடுக்கேன்." அவளைப் பார்த்து மற்றவர்களும் கை நீட்டினார்கள். மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார். பொதிந்து கொடுத்தால் தட்டு காலி, கேண்டீன் தப்பியது. எனக்கு மூச்சு வந்தது.

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "இது நாளைக்கு ஆவாதும்மா. பங்குனி வெயிலாக்கும். காலத்தைக்குக் கெட்டுப்போவும்."

"பேசாமக் குடுங்க அண்ணாச்சி! அவங்க ஃபிரிட்ஜ்ல வச்சுக்கிடுவாங்க" என்று கத்தினேன்.

"வேன்ல போயி, சிலுவைப்பாதை முடிஞ்சு வீடு சேருகது வரை பையிலதான கெடக்கும் சாரே? பிள்ளையளுக்க வயித்துக்குள்ள போறதுல்லா?"

எனக்கு வந்த வெப்ராளத்தில் அந்தத் தட்டைத் தூக்கி அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது ஒரு மனிதன் பார்க்கிற நியாயமா இது? மேனேஜர் கையை நீட்டினார். அண்ணாச்சி சாவியைக் கொடுத்தார்.

நல்லாத் திட்டித் தீர்க்க வேண்டும் என்று வீட்டு வாசலில் காத்திருந்தேன். தட்டைத் தலையில் சுமந்துகொண்டு, வெள்ளிக்கிழமை பார்க்காத வீடுகளாகத் தேடிக் கொடுத்தபடி வந்தார். "சாரே, பாத்தியளா! படம் சூப்பர் ஹிட்டு! நான் சொன்னம்லா?" என்றார். கேண்டீன் போனவர் முகமாகவே இல்லை. நான் கையை நீட்டிப் பப்ஸை வாங்கிக்கொண்டேன்.

இப்போது நாகர்கோவிலில் ஒரு பேக்கரியில் நிற்கிறார். புது பொம்மைப் படம் எது வந்தாலும் எனக்கு ஃபோன் பண்ணி ஹவுஸ்ஃபுல் என்கிறார், தப்பாமல் தப்பாகிறது. அந்தத் தியேட்டரில் இப்போது பாப்கார்ன்தான். பேரனைக் கூட்டிக்கொண்டு போனால் வாங்கிக் கொடுக்கிறேன், அவனும் ருசித்துத் தின்கிறான். நான் மட்டும் அதைத் தொடுவதில்லை.