இருபத்து நாலு பாட்டில் கடல்தண்ணீரும் என்மேல் விழுந்த பழியும்

மறைமலைநகர்,
புதன்கிழமை.

அன்புள்ள மச்சான் பூபாலனுக்கு,

உன் அக்காள் புருஷன் பெஞ்சமின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் ரூத்தும் சுகம். செய்யூரில் நீயும், பிள்ளைகளும், உன் வேர்க்கடலைப் பயிரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். என் மகள் ஜாய்ஸ் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு உன் வீட்டில் வந்து உட்கார்ந்து நாலு நாள் ஆகிறது. என் பக்கத்து நியாயத்தைக் கேட்காமலே நீ அவளுக்கு மீன்குழம்பு வைத்துப் போடுகிறாய் என்று கேள்விப்பட்டுத்தான் இந்தக் கடிதம்.

போன சனிக்கிழமை அவள் மாமல்லபுரத்தில் மீனவர் ஸ்டான்லி படகில் போய், மேல்தண்ணீர், இருபது மீட்டர் ஆழத்துத் தண்ணீர், ஐம்பது மீட்டர் ஆழத்துத் தண்ணீர் என்று இருபத்து நாலு கண்ணாடி பாட்டிலில் கடலைப் பிடித்து வந்தாள். காலேஜ் ஃப்ரிட்ஜ் ரிப்பேராம், ரெண்டு நாள் நம்ம வூட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும்னா. சரின்னு ரூத் வஞ்சிர மீன வெளிய எடுத்து வெச்சா, அது நாறிப்போனது தனிக்கதை. பாட்டில உள்ள வெக்கச் சொல்லிட்டு இவ குளிக்கப் போயிட்டா. நான் பாக்கறேன் மச்சான், ஒண்ணு கழுத்து வரைக்கும் கீது, ஒண்ணு ரெண்டு விரக்கட கம்மியா கீது, ஒண்ணு முக்கால்லயே நிக்குது. முப்பது வருஷம் பிரேக் ஆயில் கம்பெனில கடைசி செக்கிங்ல நின்னவன் நான். லெவல் தப்பின ஒரு பாட்டில் என்னத் தாண்டி வெளிய போனதில்ல. கை சும்மா இருக்குமா? அதுலேர்ந்து இதுல, இதுலேர்ந்து அதுலன்னு ஊத்தி, இருபத்து நாலையும் நூல் புடிச்ச மாதிரி ஒரே லெவலா நிறுத்திட்டேன்.

தலை துவட்டிகினு வந்தவ அதப் பாத்துட்டு, "இன்னா நைனா பண்ணிக்கீற!"ன்னு கத்துனா பாரு, மாடி வூட்டு உலகநாதன் சார் எறங்கி வந்துட்டாரு. அவர் எதிர்லயே எனக்கு கிளாஸ் எடுக்கறா. மேல்தண்ணில வெயில் படுதாம், கண்ணுக்குத் தெரியாத பாசி அத வெச்சு சமைக்குதாம், பாசிய பூச்சி தின்னுதாம், பூச்சிய மீன் தின்னுதாம், எல்லாத்தோட கழிவும் செத்த ஒடம்பும் தூள்தூளா கீழ எறங்குதாம், போற வழிலயே கிருமிங்க பெரும்பங்கத் தின்னு தீத்து, திரும்ப பாசிக்கே எருவாக்குதாம், மிச்சம் மீதிதான் அடிக்குப் போய் சேருதாம். எந்த ஆழத்துல அந்தத் தூள் எவ்ளோ கீதுன்றதுதான் அவ ஆராய்ச்சியே. "கடலே சமமா வெக்காதத நீ சமமா வெச்சிட்டியே"ன்னு அழறா. பத்தாததுக்கு என் கைல இருந்த தேங்காயெண்ணெயும் அதுல கலந்திருக்குமாம், அதுவும் டெஸ்ட்ல கடல் சரக்காவே காட்டுமாம்! கேக்கறேன் மச்சான், மீன் கழிச்சத பாட்டில்ல புடிச்சா ஆராய்ச்சி, அப்பன் லெவல் பண்ணா அநியாயமா? உலகநாதன் சார், "பாப்பா சொல்றது சரிதானே"ன்றாரு. பேங்க்ல இருந்த மனுஷனுக்கு பாட்டிலப் பத்தி இன்னா தெரியும்? அடுத்த மாசம் ரிசல்ட்ட காட்டலன்னா அவ பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகுமாம். அதுக்கு நானா ஜவாப்தாரி? மூடியத் தொறக்காதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா? ஒரே பேஜாரு.

ஆகவே மச்சான், தப்பு என்மேல் இல்லை என்று அவளுக்கு எடுத்துச் சொல். பெற்ற தகப்பன் இறங்கி வரமாட்டான். அவளாக வந்து ஸாரி சொன்னால் மன்னிக்கத் தயார். உன் வீட்டாருக்கு என் ஸ்தோத்திரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் உங்கள் எல்லோரையும், முக்கியமாக அந்தக் கோபக்காரியையும், காப்பாராக.

நியாயத்தை மட்டுமே கேட்கும்,
பெஞ்சமின்

பி.கு.: மேல எழுதினத அவளுக்குப் படிச்சுக் காட்டாத. குளிக்கப் போறப்ப "மூடியத் தொறந்துடாத நைனா"ன்னு ரெண்டு தரம் சொன்னா, எனக்கு நல்லாவே கேட்டுச்சு. நேத்து அவ புரொபசரப் பாத்து எல்லாத்தையும் ஒத்துக்கினேன். வர்ற சனிக்கிழம ஸ்டான்லி படகு ரெடி. அவ வரலன்னா, எந்த ஆழத்துல எத்தன பாட்டில்னு மட்டும் கேட்டு அனுப்பு, நானே போறேன். படகுல ஏறினாலே எனக்கு வாந்தின்னு அவளுக்குத் தெரியும். பாட்டில் எறக்காத பக்கமாத் திரும்பிக்கறேன்னு சொல்லு.