உட்கார்ந்தது யார்?

அந்த வருடம் பதுளைப் பக்கத்துக் கடவுள்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. பக்தகோடிகள் எல்லோரும் ஸ்பிரிங் சாமியைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பதுளையிலிருந்து ஹாலிஎலைக்குப் போகிற வழியில் ஒரு முடக்கு, ரோடு சட்டென்று திரும்பும் இடம். முடக்கில் ஒரு மாமரம். மரத்தடியில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் காவி கட்டிய சாமி. வெளியே ரோட்டின் ஓரமாக லொறிகள், தோட்டத்து டிரக்டர்கள், கார்கள் என்று ஒரு நீண்ட வரிசை. வரிசையில் ஒரு டாக்டரின் காரும் நின்றது. படித்தவர் வந்திருக்கிறார் என்று மற்றவர்களுக்கு நம்பிக்கை கூடியது. ஒருவர் முதுகுவலிக்காரியான மாமியாரைக் கூட்டி வந்திருந்தார். முதுகும் ஒரு ஸ்பிரிங்தானே என்பது அவர் கட்சி.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளிநாட்டுச் சாமான் எதுவும் கப்பலில் வராத காலம். கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் புது ஸ்பிரிங் பட்டை கிடைக்காது. கடையில் பொருள் இல்லாத இடத்தில்தானே சாமிக்கு வியாபாரம்.

இந்தச் சாமி தோன்றிய வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மூர் டிரைவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. வண்டியின் பின்னால் வளைந்த இரும்புப் பட்டைகளாய் இருக்கிற ஸ்பிரிங் பாரம் தாங்காமல் வளைவு போய்த் தட்டையாகிவிட்டால், "ஸ்பிரிங் உக்காந்திருச்சு" என்பார்கள். இராமையா என்கிற தோட்டத்து லொறி டிரைவர் ஒரு நாள் அந்த மாமரத்தடியில் வண்டியை நிறுத்தி வெற்றிலை போட இறங்கினான். மரத்தடியில் காவி கட்டிய ஒருவர் சும்மா இருந்தார்.

"வண்டிக்கு என்னப்பா?"

"உக்காந்திருச்சுங்க சாமி."

"உக்காந்தது யாரு?"

இராமையா திகைத்துப்போனான். இத்தனை காலம் வண்டி ஓட்டியும் இந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை.

"ஆமா, யாருங்க?"

"முடக்கு முனி. நீ முடக்குல வேகத்தைக் கொறைக்கிறப்ப பின்னால ஏறி உக்காந்துக்கிறான். எறக்கிவிட ஆள் வேணும்."

ஒரு வினைச்சொல்லுக்கு எழுவாய் கேட்டே பிழைத்த மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். பூர்வாசிரமத்தில் அவருக்குக் கந்தப்பன் என்று பெயர். அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் தேயிலை அனுப்பும் பலகைப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார். அந்த வேலை போனதும் ஞானம் வந்துவிட்டது.

இனி நம் ஸலீம் முதலாளியிடம் வருவோம். பதுளை பஜாரில் கடை. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கிய நீட்டு லேண்ட் ரோவர் ஜீப் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் பின்னால் இரண்டே சில்லில், அதாவது சக்கரத்தில், ஓடும் ட்ரெயிலர் ஒன்றைக் கொழுவி, மலைத்தோட்டங்களுக்கு உரம் ஏற்றுவார், திரும்பும்போது உருளைக்கிழங்கு இறக்குவார். துரைமாரைச் சுமந்து பழகிய வண்டி, கிழங்கைச் சுமக்க முடியாமல் பின்பக்கம் நன்றாக அமுங்கிவிட்டது. முன் விளக்குகள் ரோட்டை விட்டு மர உச்சியைப் பார்த்தன. வௌவால்களுக்கு நல்ல வெளிச்சம்.

வண்டி ஓட்டுகிறவன் புவாத். ஸலீமின் மனைவி ஜெனீராவின் தம்பி. உம்மா மௌத்தாகிப் போன பிறகு அவனை வளர்த்ததே அவள்தான்.

என்ன செய்யலாம் என்று ஸலீம் பஜார் முழுக்க யோசனை கேட்டார். வண்டி திருத்துகிற கராஜ் பாஸ் சொன்னார்: பட்டைகளைக் கழற்றி நெருப்பில் போட்டு மறுபடி வளைவு எடுக்க வேண்டும், கூட ஒரு பட்டை வைக்க வேண்டும், ஷொக் எப்சோபரை மாற்ற வேண்டும், மூட்டைகளைக் குறைக்க வேண்டும். பக்கத்துப் புடவைக்கடை மொஹிதீன் ஒரேயடியாக லொறி ஸ்பிரிங்கையே மாட்டச் சொன்னார். வண்டி துள்ளித் துள்ளி முதுகெலும்பு கழன்றாலும் பரவாயில்லையாம். இன்னொருவர் பழைய டயரை வெட்டி இடையில் செருகச் சொன்னார். கராஜ் பாஸ் சொன்னதையே ஸலீம் யோசித்துப் பார்த்தார். வளைவு எடுக்க வண்டியை நிறுத்திப்போடப் பொறுமை இல்லை. பட்டையும் ஷொக்கும் வாங்கச் சாமான் இல்லை. மூட்டையைக் குறைக்க மனம் இல்லவே இல்லை.

அந்த நேரம் பார்த்து இராமையா வந்து முனியின் கதையைச் சொன்னான். வண்டியை நிறுத்த வேண்டாம், கழற்ற வேண்டாம், மூட்டையையும் குறைக்க வேண்டாம். ஸலீமுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனாலும் அவர் மார்க்கப் பற்றுள்ளவர். மூட்டை ஏற்றிய வண்டியோடு வந்து, கொட்டகைக்குள் போனதும் முதலில் அதைத்தான் கேட்டார்.

"எங்களுக்கு முனி எல்லாம் இல்லியே சாமி."

"உங்களுக்கு ஜின்னு," என்றார் சாமி, கண்ணைத் திறக்காமல்.

முன்னால் வந்துபோன கிறிஸ்தவக் கிளாக்கருக்குச் சாத்தான். சிங்கள முதலாளிக்கு யக்கா. எந்த மதத்தவர் வந்தாலும் அவரவருக்குப் பழக்கமான ஆள்தான் பின்னால் உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பெரிய சமய ஒற்றுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பூஜை நடந்தது. ஜீப்பின் பின் பம்பரிலிருந்து நூலில் ஓர் எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிட்டார்கள். பழம் மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. "பாத்துக்கங்க," என்றார் சாமி. சாம்பிராணி போட்டார். சிவப்புச் சாயம் பூசிய ஒரு நீளப் பட்டையை, அதன் பெயர் முனிப்பட்டை, மஞ்சள் நூலால் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினார். பிறகு ஓதத் தொடங்கினார். ஓதிக்கொண்டிருக்கும்போதே சீடர்கள் ட்ரெயிலரில் ஏறி, முன்பக்கம் அடுக்கியிருந்த மூட்டைகளை எல்லாம் பின்பக்கத்துக்கு மாற்றி அடுக்கினார்கள். முன்பக்கத்தைக் காலியாக விட்டால்தான் உட்கார்ந்திருப்பவர் இறங்க வழி கிடைக்குமாம்.

மூட்டை மாற மாற, எலுமிச்சம்பழம் மண்ணை விட்டு மெல்ல மேலே எழும்பியது. நாலு விரல் உயரத்தில் ஆடியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஸலீம் கன்னத்தில் போடவில்லை, மார்க்கத்துக்கு ஆகாது. காணிக்கையை மட்டும் தாராளமாகக் கொடுத்தார். அது எல்லா மார்க்கத்துக்கும் ஆகும்.

புவாத் வண்டியை எடுத்தான். அடுத்த இறக்கத்திலேயே ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கியது. இடது பக்கம் ஒரு வீச்சு, வலது பக்கம் ஒரு வீச்சு. பிரேக்கில் காலை வைத்ததும் ஜீப்பின் பின்பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி, ட்ரெயிலர் ரோட்டோர வாய்க்காலான கானுக்குள் கவிழ்ந்தது. மூட்டைகள் தேயிலைக்குள் உருண்டன. ஜீப்பின் ஒரு சில்லு பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் நின்றது. புவாத்துக்குக் கை முறிந்தது, நெற்றி பிளந்தது. உயிர் தப்பியது.

சாமி கலங்கவில்லை. "எறங்கினவன் கோவத்துல தள்ளிவிட்டுட்டான். பெரிய பூஜை போட்டாத்தான் அடங்குவான்," என்று சொல்லி அனுப்பினார். ஸலீம் சரி என்றார். முறிந்த கை கூடியதும் புவாத்தைக் கொஸ்லந்தைப் பக்கம் அனுப்புவதாகவும் ஏற்பாடு. அங்கே இருக்கிற செங்குத்து இறக்கத்தில் ட்ரெயிலர் வாலாட்டினால் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டிய அவசியமே இருக்காது.

கொஸ்லந்தை என்று கேட்டதும் ஜெனீரா புவாத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருக்கிறவன் ஒரே தம்பி. அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே நடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"மூட்டைய என்னத்துக்குப் பின்னுக்கு அடுக்கின?"

"ஜின் இறங்க வழி விடணுமாம், ராத்தா."

"சரி. நூல்ல தொங்கின தேசிக்காய் எழும்பினது ஓதினதாலயா, மூட்டைய மாத்தினதாலயா?"

புவாத் வாயில் கஞ்சியோடு யோசித்தான். "ரெண்டும் ஒண்ணாத்தானே நடந்திச்சு."

"அப்ப ஒண்ணா நடந்தத ரெண்டாப் பிரிச்சுப் பாப்பம்," என்றாள் ஜெனீரா.

பெரிய பூஜைக்கு நானும் வருவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததும், பக்தி முற்றிவிட்டது என்று ஸலீம் சந்தோஷப்பட்டார். கானிலிருந்து தூக்கி நிமிர்த்திய ட்ரெயிலரை மறுபடி கொழுவி, பழையபடி முன்பக்கம் மூட்டைகளை அடுக்கி, கூலிக்கு ஒரு டிரைவரைப் பிடித்து முடக்குக்குக் கொண்டுபோனார்கள். புவாத்தும் கட்டுப்போட்ட கையோடு வந்தான். அன்றைக்குக் கூட்டம் இன்னும் அதிகம். ஒரு வண்டியைக் கவிழ்த்த பிறகு சாமியின் மதிப்பு கூடியிருந்தது. கவிழ்க்கத் தெரியாத தெய்வத்தை யார் மதிக்கிறார்கள்?

பழத்தைக் கட்டினார்கள். மண்ணைத் தொட்டது. சீடர்கள் ட்ரெயிலரில் ஏறப் போனார்கள்.

ஜெனீரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "சாமி, மூட்டை இருக்கிற இடத்திலயே இருக்கட்டும். நீங்க ஓதுங்க."

"வழி விடணும்ல, அம்மா."

"என்ட தம்பிட வண்டியையே பெரட்டிப் போட்ட ஆளு, நாலு மூட்டையத் தாண்டி இறங்க மாட்டாரா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. பட்டையைக் கட்டினார். சாம்பிராணிப் புகையில் மாமரமே மறைந்தது. தொண்டை கட்டும் வரைக்கும் ஓதினார். பழம் மண்ணிலேயே கிடந்தது. ஓர் எறும்பு அதன் மேல் ஏறி இறங்கிப் போனது.

"பாத்தீங்களா? வழி இல்லாததால எறங்க மாட்டேங்கிறான்," என்றார் சாமி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"சரி, வழி விடுவம். நீங்க களைச்சிட்டீங்க. இந்தாங்க, வெத்திலயப் போடுங்க."

ஓசி வெற்றிலையை மறுத்த சாமி இதுவரை பிறக்கவில்லை. வாய் நிறையப் போட்டுக்கொண்டார். ஜெனீரா அந்த முனிப்பட்டையை அவிழ்க்கச் சொன்னாள். சாம்பிராணிச் சட்டியைத் தூரத்தில் வைக்கச் சொன்னாள். பிறகு கூட்டத்தில் நின்ற இராமையாவைக் கூப்பிட்டு, மூட்டைகளைப் பின்னுக்கு மாற்றச் சொன்னாள்.

மூட்டை மாறியது. பழம் மேலே எழும்பி ஆடியது. சாமியின் வாயில் வெற்றிலை மட்டும்தான் இருந்தது.

"இப்ப யாரு ஓதினது?" என்று கேட்டாள் ஜெனீரா.

"முனி தானாவே எறங்கியிருக்கும்ங்க," என்றான் இராமையா. நம்பிக்கை அவ்வளவு சுலபமாகப் போகுமா?

"அப்படியா? திரும்ப முன்னுக்கு அடுக்குங்க."

அடுக்கினார்கள். பழம் மண்ணுக்கு வந்தது.

"திரும்பி வந்து உக்காந்திட்டார். இப்ப பின்னுக்கு மாத்துங்க."

பழம் எழும்பியது.

"இந்த முனிக்கு வேற வேலையே இல்லியா? நீங்க மூட்டைய எடுக்கிற நேரமெல்லாம் ஏறுறதும் இறங்கிறதுமா இரிக்கு."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். முதுகுவலிக்கார மாமியார்தான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தாள்.

புவாத் நல்ல கையால் ட்ரெயிலரைத் தட்டிக் காட்டினான். "இதுக்கு ரெண்டே சில்லு, நடுவில. பாரத்தப் பின்னுக்குப் போட்டா முன்பக்கம் தூக்குது. கொழுவியிருக்கிற ஜீப்பிட பின்பக்கத்தையும் சேத்துத் தூக்குது. ஜீப் பிடி இல்லாமப் போகுது, இது வாலாட்டுது. அப்படித்தான் நான் கானுக்குள்ள போனன்."

"அப்ப ஸ்பிரிங்?" என்றார் ஸலீம்.

"அது அப்பவும் உக்காந்துதான் இரிக்கு, மச்சான்."

இராமையா அவிழ்த்துப்போட்ட முனிப்பட்டையைக் கையில் எடுத்தான். இரண்டு விரலால் மடித்தான், அது மடிந்தது. சிவப்புச் சாயம் உதிர்ந்து கீழே விழுந்தது. அவன் முகம் செத்துவிட்டது.

"இது தேயிலைப் பெட்டிக்கு ஓரத்துல அடிக்கிற தகரம்ங்க. ஸ்பிரிங் இல்ல. இதத்தான் என் லொறியிலயும் கட்டியிருக்கேன். ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறேன். புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க எல்லாம் வர்றாங்க." தகரத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான். "யோவ் சாமி, சொல்லு. இது ஃபெக்டரித் தகரந்தானே?"

எல்லோரும் கொட்டகைப் பக்கம் திரும்பினார்கள். கந்தப்பன் தேயிலை மலைக்குள் பாதி தூரம் இறங்கிவிட்டிருந்தார். அவர் இறங்க யாரும் வழி விடத் தேவைப்படவில்லை. காவித் துண்டு மட்டும் ஒரு தேயிலைச் செடியில் மாட்டிக்கொண்டு நின்றது.

ஸலீம் முதலாளி மறுநாளே கராஜ் பாஸிடம் போனார். வண்டியை நிறுத்தி, பட்டைகளைக் கழற்றி, நெருப்பில் வளைவு எடுத்தார்கள். செத்துப்போன ஒரு லொறியிலிருந்து பொருத்தமான பட்டை ஒன்று கிடைத்தது, அதையும் சேர்த்தார்கள். ஷொக் எப்சோபர் கப்பல் வந்தால்தான். மூட்டைகளைக் குறைத்தார், மிச்சத்தைச் சில்லுக்குச் சற்று முன்னால் பாரம் வரும்படி அடுக்கினார். கை கூடிய புவாத் கொஸ்லந்தை இறக்கத்தில் இறங்கி, முழுசாக வீடு வந்து சேர்ந்தான். அதுவரைக்கும் ஜெனீரா வாசலை விட்டு நகரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். முனி அம்பலமான அன்றைக்கே, கூட்டம் கலைகிற நேரத்தில், டிரக்டர்காரர் ஒருவர் ஜெனீராவிடம் பயபக்தியோடு வந்தார்.

"அம்மா, அந்த எலுமிச்சம்பழத்தக் குடுங்க. சாமியையே வெரட்டின பழம். நம்ம டிரக்டர்ல கட்டணும்."

ஜெனீரா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பழத்தை நூலிலிருந்து பிய்த்து மடியில் போட்டுக்கொண்டாள். "தம்பிக்குக் கரைச்சுக் குடுக்க வேணும்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

டிரக்டர்காரர் ஏமாற்றத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு போனார். இப்போது பண்டாரவளைப் பக்கம் ரேடியேட்டர் சாமி ஒருவர் வந்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் வரிசை நீளமாம்.

ஸ்பிரிங் உட்கார்ந்தால் கழற்றி, நெருப்பில் போட்டு, தட்டி எழுப்பிவிடலாம். கராஜ் பாஸ் இருக்கிறார். மூளை உட்கார்ந்தால் அதை எந்த பாஸாலும் எழுப்ப முடியாது, ஐயா. நீங்களாகத்தான் எழுப்ப வேண்டும்.