கவிழ்த்த சீட்டு

பட்டன்கள் நீலமா பச்சையா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தக் கதையைச் சொன்னவர்களே ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். ஆனால் தையல்காரரின் கால் ஆடியதில் யாருக்கும் சந்தேகமில்லை.

பொய் சொன்னால் அவருக்கு வலது கால் ஆடும். இருபது வருடமாக மனைவி அதைப் பார்த்தே எல்லாவற்றையும் பிடித்துவிடுவாள். இப்போது அவள் உடம்பைப் பற்றி டாக்டர் அவரிடம் மட்டும் சொன்ன ஒன்றை மறைத்தாக வேண்டும். நாலு மாதம், அவ்வளவுதான்.

அவள் தம்பி வேன் ஓட்டுபவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் போக்கர் சீட்டாட்டம்.

"மாப்ள, மூஞ்சியில எதுவும் தெரியாம ஆடக் கத்துக் குடு," என்றார். காரணம் சொல்லவில்லை.

"சுலபம் மாமா. ஆளுக்கு அஞ்சு சீட்டு. ஜோடி இருந்தா நல்லது, ஒரே மாதிரி மூணு இருந்தா அதைவிட நல்லது. ஒண்ணுமே இல்லேன்னா, எல்லாம் இருக்கற மாதிரி பந்தயத்தை ஏத்தணும். பயந்தவன் சீட்டைக் கவுத்துட்டு ஒதுங்கிடுவான், பந்தயம் உங்களுக்கு."

"ரெண்டு பேர் என்னத்த ஆடுவீங்க? எனக்கும் போடு," என்று மனைவி வந்து உட்கார்ந்தாள்.

தையல் மேசையில் ஆட்டம். காசுக்குப் பதில் பட்டன். முதல் பொய்யிலேயே கால் ஆடி, பட்டன் டப்பா கவிழ்ந்தது. காலை அடக்க மிஷின் மிதியில் ஊன்றினார். அடுத்த பொய்க்கு மிஷினே ஓடியது. ஊசிக்கடியில் கிடந்த யாருடைய பேண்ட்டோடோ அவர் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டது.

"மாமா, உங்க பொய் தெருவுக்கே கேக்குது!"

"ஆடாம இருங்க, பிரிக்கிறேன்," என்று மனைவி பிளேடால் நூலை அறுத்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. அது நிற்க நேரமானது.

மறுநாள் அவர் மிஷின் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். இனி கால் ஆடினாலும் சத்தமில்லை.

கடைசி ஆட்டம். கையில் ஒரு ஜோடிகூட இல்லை. பட்டன் அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

"ஆமா, ரிப்போர்ட் வந்துச்சா?" சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"வந்துச்சு. ஒண்ணுமில்லையாம். வெறும் சத்துக் குறைவுதானாம்."

அவள் நிமிர்ந்து அவரையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நம்பறேங்க. நீங்களே ஜெயிச்சீங்க." டீ போட உள்ளே போனாள்.

வாழ்நாளில் அவருக்குப் பலித்த முதல் பொய். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சீட்டுகளைப் பொறுக்கிய மைத்துனன் அவள் வைத்துப் போனதைப் புரட்டினான்.

"என்ன மாமா இது! மூணு ராஜாவ வச்சுக்கிட்டு யாராவது கவுப்பாங்களா?"

அவள் மூன்றாவது மாதமே போய்விட்டாள். கடைசிவரை ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை. மைத்துனன் அப்புறம் சீட்டைத் தொடவில்லை. தையல்காரர் பெல்ட்டை மறுபடி மாட்டிக் கடையை நடத்தினார். அவர் கால் அதன்பிறகு ஆடவேயில்லை.