மடங்காத சுண்டுவிரல்

துண்டுக்கடியில் தரகரின் சுண்டுவிரல் மடங்க மறுத்தது.

மேலே முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கீழே அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்கிறவன் வேடிக்கை பார்க்க வந்தவன். தொழில் தெரிந்தவர்கள் கையால் பேசுவார்கள். விற்கிறவருக்காகப் பேசும் தரகர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரே துண்டுக்குள் நுழையும். ஐந்து விரலும் விரிந்திருந்தால் முழு விலை. இறங்கி வரச் சம்மதம் என்றால் முதலில் மடங்க வேண்டியது சுண்டுவிரல். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் உள்ளே நடந்தது இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும். கை காட்டியதை வாய் மாற்றிப் பேசினால், சங்கத் தலைவர் அந்தத் தரகரின் தோளில் கிடக்கும் துண்டை உருவிக்கொண்டு அனுப்பிவிடுவார். துண்டு போனால் தொழிலும் போச்சு.

"என்னண்ணே, இறங்கவே மாட்டேங்கிறீங்க?" என்றார் எதிரே நின்ற தொப்பை வியாபாரி. அவர் நெற்றியில் வியர்வை பொடித்தது.

தரகர் இறங்க எப்போதோ தயார். விரல்தான் தயாராக இல்லை. அது ஒரு மாதமாகவே அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக உப்பி, சின்ன வாழைப்பழம்போல நின்றது. மத்தியானத்துக்கு மேல் கொஞ்சம் இளகும். ஆனால் சந்தை விடியலிலேயே கூடிவிடுகிறதே!

"சரி, உங்க இஷ்டம்" என்று பெருமூச்சு விட்டு, தொப்பை வியாபாரி முழு விலையைக் கொடுத்து மாட்டை அவிழ்த்தார். போகிற போக்கில் நேராகச் சங்க அறைக்குள் நுழைந்தார். உள்ளே தலைவரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது ஜன்னல் வழியே தெரிந்தது.

தரகர் தோள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போட்டுக் கொடுக்கிறான்!

*

மருந்துக்கடையில் ஒரு வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். விரல் அப்படியே இருந்தது, வயிறு எரிந்தது.

அடுத்து எலும்பு டாக்டர்.

"எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களா?"

இல்லை என்றால் கேள்வி வளரும். "ஆமாங்க, மாடு முட்டிடுச்சு" என்றார் தரகர்.

முட்டிய விரலுக்கு என்ன வைத்தியமோ அதை டாக்டர் செய்தார். விரலோடு ஒரு சிறு பட்டையை வைத்து இறுக்கிக் கட்டினார். அதுவரை மடங்க மறுத்த விரல், இனி மடங்கவே முடியாத விரல் ஆனது. அந்த வாரச் சந்தையில் மூன்று பேர் முழு விலை கொடுத்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

முழங்கையில் வெள்ளைச் செதிலாக உதிரும் தடிப்பு வருஷக்கணக்காக உண்டு. அதற்குத் தோல் டாக்டர்.

"இது சொரியாசிஸ். மூட்டு வலி, வீக்கம் ஏதாவது இருக்கா?"

தரகர் கட்டுப்போட்ட விரலைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். கேட்ட சரக்குக்கு மேல் காட்டுவது தொழிலுக்கு அழகில்லை. "ஒண்ணும் இல்லீங்க."

டாக்டர் கொடுத்த களிம்பை வாரி வாரிப் பூசிக்கொண்டு சந்தைக்குப் போனார். துண்டுக்குள் கை வழுக்கியது. எதிராளி பிடிக்க, இவர் நழுவ, ஒரு கன்றுக்குட்டியின் பேரம் மீன் பிடிப்பதுபோல முடிந்தது.

படுக்கையிலிருந்து காலை ஊன்றினால் குதிகாலில் ஆணி இறங்கும். அதற்கு மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடி. நகங்களில் ஊசி குத்தினாற்போல் பொட்டுப் பொட்டாகக் குழிகள். அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நகத்தில் என்ன இருக்கிறது, வெட்டிப் போடுகிற சாமான்!

வீட்டில் மனைவி ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "காலையில சட்டைப் பொத்தான் போட இவ்வளவு நேரமா?"

"பொத்தான் புதுசு."

"சட்டை பழசாச்சே?"

தரகர் மச்சானைத் தேடிப் போனார்.

*

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. வேலை வெட்டி கிடையாது; ஆனால் பத்து விரலும் பழுதில்லாமல் மடங்கும். தரகருக்கு அந்தத் தகுதி போதும்.

"நான் போர்வையைப் போத்திக்கிட்டு நிப்பேன். நீ பின்னாடி ஒட்டி நின்னு என் கக்கத்து வழியா கையை விடணும். என் கை மாதிரி."

"மாமா, கூச்சமா இருக்கும்."

"வாயை மூடு. நான் குதிகாலால உன் காலை ஒரு தடவை அழுத்தினா, ஒரு விரலை மடக்கு. புரிஞ்சுதா?"

"ஒரு அழுத்து, ஒரு விரல். இது கூடவா புரியாது?"

சந்தையில் தொப்பை வியாபாரியே எதிரே வந்து நின்றார். துண்டு விழுந்தது. மச்சானின் கை கக்கத்துக்கடியில் பாம்புபோல ஊர்ந்து போய் ஐந்து விரலையும் விரித்தது. வியாபாரி தடவிப் பார்த்தார். புருவம் ஏறியது.

"கை கொஞ்சம் இளசாத் தெரியுதேண்ணே?"

"களிம்பு பூசுறேன்" என்றார் தரகர்.

ஒரு விரல் இறங்கலாம் என்று குதிகாலை மெல்ல அழுத்தினார். அழுத்திய வேகத்தில் ஆணி இறங்கியது. "ஸ்ஸ்" என்று காலைத் தூக்கினார். நிற்க முடியாமல் திரும்ப ஊன்றினார். மறுபடி சுரீர் என்றது. மறுபடி தூக்கி, மறுபடி ஊன்றி... வலியில் அவர் போட்ட ஆட்டம் முழுவதும் மச்சானின் கால்மேல்தான் நடந்தது. பின்னால் மச்சான் கடமை தவறாமல் விரல் விரலாக மடக்கிக்கொண்டே வந்தான்.

கடைசியில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

"முடிச்சாச்சு!" என்று தொப்பை வியாபாரி துண்டை உதறிவிட்டு, மனசு மாறுவதற்குள் மாட்டை இழுத்துக்கொண்டு ஓடினார்.

மாட்டுக்காரர் வாயைப் பிளந்து நின்றார். குறைந்த தொகையைத் தரகர் தன் மடியிலிருந்து கொடுத்து ஆளை அடக்குவதற்குள் போர்வை நழுவியது. பின்னால் மச்சான் வீங்கிய கால் கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்ததைச் சந்தையே பார்த்தது. மடங்கிய விரல்கள் யாருடையவை என்று எல்லோருக்கும் புரிந்துபோயிற்று.

*

அடுத்த சந்தையன்று தரகர் தலையைக் குனிந்துகொண்டு போனார். டீக்கடையில் நான்கைந்து தரகர்கள் நின்றார்கள். எல்லோர் கையிலும் டீ கிளாஸ். எல்லோருடைய சுண்டுவிரலும் விறைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தரகருக்குக் காது மடல் சுட்டது. கேலி செய்கிறார்கள்! ஊரே கூடி நடித்துக் காட்டுகிறது!

திரும்பி நடந்தவரை இரண்டு எருமைகளோடு ஒரு அம்மாள் மறித்தாள். கறாரான முகம். அவர் முகத்தைவிட்டுவிட்டுக் கையையே பார்த்தாள்.

"அந்தத் தரகர் நீங்கதானா?"

"எந்தத் தரகர்?" கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். "எனக்கு இன்னைக்குக் காய்ச்சல்மா."

"பரவாயில்ல. தலைவர் மகளைப் பார்க்க வெளியூர் போயிருக்காராம், வர ரெண்டு மாசம் ஆகுமாம். அவர் வந்ததும் உங்களைக் கூப்பிட்டு விடுவாராம். அவர் முன்னாடியே பேசிக்கலாம். நானும் வர்றேன்."

அவ்வளவுதான். சாட்சியும் தயார். கட்டைவிரல் விலைக்கு மாட்டைப் பறிகொடுத்தவரின் சொந்தக்காரியாகத்தான் இருக்கவேண்டும். தரகர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பிரியப்போகும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். தம்பியின் கால் கட்டைவிரல் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தது.

"ஏங்க, விரலை ஒரு டாக்டர்கிட்ட காட்டினீங்க. தோலை இன்னொருத்தர்கிட்ட. குதிகாலைச் செருப்புக் கடைக்காரன்கிட்ட. ஒருத்தன் மாட்டோட வாலை ஒரு ஊர்லயும் கொம்பை ஒரு ஊர்லயும் காட்டினா, அது மாடுன்னு யாருங்க சொல்லுவா?"

மாட்டை வைத்துச் சொன்னதைத் தரகரால் மறுக்க முடியாது.

*

மூட்டு டாக்டர் ஒரு பெண்மணி. மேஜைமேல் இரண்டு கைகளையும் வைக்கச் சொன்னார். தரகர் ஒரு கையை வைத்தார். மனைவி மற்றதைப் பிடித்து வைத்தாள்.

"காலையில விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஏதோ கொஞ்ச நேரம்..."

"ஊத்தி வெச்ச டீ ஆறி, திரும்பச் சுட வெச்சு, அதுவும் ஆறிடும் டாக்டர்" என்றாள் மனைவி.

டாக்டர் நகக் குழிகளைப் பார்த்தார். முழங்கைச் சட்டையை ஏற்றச் சொன்னார். காதுக்குப் பின்னால் விலக்கிப் பார்த்தார், அங்கும் செதில். குதிகாலின் பின்புறத்தை ஓர் அழுத்து அழுத்தினார். தரகர் நாற்காலியோடு எழுந்தார்.

"வீட்ல யாருக்காவது இந்தத் தோல் வியாதி உண்டா?"

"எங்க அப்பாவுக்கு. அவர் அதைப் பொடுகுன்னு சொல்லிக்கிட்டே காலத்தை ஓட்டிட்டார்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். மறுபடி போனபோது டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "முடக்குவாதத்துக்குப் பார்த்த ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் இல்ல" என்றார்.

தரகர் துள்ளினார். "பார்த்தியா? சரக்கு சுத்தம்!"

"உட்காருங்க. இந்த நோய்ல ரத்தம் பெரும்பாலும் நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். உங்க உடம்புதான் சாட்சி சொல்லுது. முழு விரலும் வீங்கியிருக்கு, நகத்துல குழி, குதிகால் வலி, காலை விறைப்பு, தோல்ல சொரியாசிஸ். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. இதுக்குப் பேரு சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்."

தரகர் சுண்டுவிரலை மறு கையால் பொத்திக்கொண்டார்.

"என் விரல் மடங்குமா டாக்டரம்மா?" தரகரின் குரல் இறங்கியிருந்தது. "அது மடங்கலைன்னா என் துண்டு போயிடும்."

"நல்லவேளை, மூட்டு எலும்பு இன்னும் அரிச்சுப்போக ஆரம்பிக்கல. இப்பவே மருந்து எடுத்தா மடங்க நிறைய வாய்ப்பு இருக்கு. தள்ளிப்போட்டா மூட்டு கெட்டு, விரல் நிரந்தரமா இப்படியே நின்னுடும். வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. அப்பப்போ ரத்தப் பரிசோதனை. நோய் அடியோட போயிடும்னு சொல்லமாட்டேன். கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்."

தரகருக்குப் பழக்கம் விடவில்லை. "மாசத்துக்கு ஒண்ணுன்னு பேசி முடிச்சுக்கலாமா?"

"இதுல நான் ஒரு விரல்கூட இறங்கமாட்டேன்" என்றார் டாக்டர்.

முதல் முறையாகத் தரகர் பேரத்தில் தோற்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்.

*

மருந்து மெதுவாகத்தான் வேலை செய்தது. சந்தைப் பக்கமே போகாமல் விடிந்ததும் விரலைப் பார்ப்பதே வேலையாக இருந்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வீக்கம் வடிந்தாற்போல் இருந்தது. பிறகு ஒரு காலை, சட்டைப் பொத்தான் தானாக மாட்டிக்கொண்டது. மனைவி திரும்பிப் பார்த்தாள். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அன்றைக்கே தலைவரிடமிருந்து ஆள் வந்தது.

சங்க அறையில் தலைவர் நடுவே உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தொப்பை வியாபாரி. மறு பக்கம் எருமைக்கார அம்மாள். கதவோரம் டீக்கடைத் தரகர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள்.

"வாங்க, வாங்க" என்றார் தலைவர். "உங்க விரலைப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

தரகர் முந்திக்கொண்டார். தலைவரைப் பேச விடக்கூடாது. பேசினால் துண்டு போய்விடும்.

"தலைவரே, நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம்! என்மேல தப்பு இல்ல. திமிரும் இல்ல. அது ஒரு நோய். பேரு சொல்ல வாய் சுளுக்கும். வைத்தியம் பார்த்தாச்சு. நீங்களே பாருங்க!"

வலது கையை எல்லோர் முகத்துக்கும் நேராக நீட்டி ஐந்து விரலையும் விரித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரலை மடக்கினார். மடங்கியது. நிமிர்த்தி மறுபடி மடக்கினார். வெண்ணெய்போல மடங்கியது.

தொப்பை வியாபாரியின் முகம் பொங்கி மலர்ந்தது. தலைவர் நாற்காலியில் சரிந்தார். கதவோரத்தில் நீட்டிக்கொண்டிருந்த சுண்டுவிரல்கள் ஒவ்வொன்றாகத் தொங்கின.

எருமைக்கார அம்மாள் மட்டும் கிட்டே வந்து, மடங்கிய விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தலைவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க இது, மடங்குது? இந்தச் சந்தையிலேயே ஒரு விரல்கூட இறங்காத தரகர் இவருதான்னு சொல்லித்தானே என் எருமைங்களை இவ்வளவு தூரம் ஓட்டிட்டு வரச் சொன்னீங்க?"