பீப்பாய்க்காரரின் வம்சமும் ஒரு அத்தை மகளும்

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்டு, நான் "ம்" என்றதுமே நமக்குள் பேச்சு முடிந்துவிடுகிறது. நான் இங்கே நலம். உங்கள் முழங்கால், பஞ்சர் கடை, பெரியம்மா ஆகியோர் நலமா? (வரிசை தவறிவிட்டது. பெரியம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டாம்.)

குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று டயர் மாற்ற வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்கிறீர்களாம். "பொண்ணு என்ன வேலை பார்க்குது?" என்று அவர்கள் கேட்டால் மட்டும், "ஏதோ செத்துப்போனவங்களைத் தேடுற வேலை" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள் என்று அப்பா சொன்னார். பெரியப்பா, செத்துப்போனவர் ஒரே ஒருவர்தான். அவருடைய வாரிசுகள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், சத்தமாகவும் இருக்கிறார்கள்.

அவர் இந்த ஊருக்கு முதலில் வந்து குடியேறிய பிரெஞ்சுக்காரர். கப்பலில் பீப்பாய் செய்பவர். கடல் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் வாந்தி எடுத்து, தரையில் கால் பட்டதும் இனி என்னைக் கொன்றாலும் ஏற மாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டார். கப்பல் போய்விட்டது. குடியேறிய வரலாறு அவ்வளவுதான். மற்ற ஊர்களைப் பீரங்கியோடு வந்து பிடித்தார்கள், இந்த ஊரை ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிடித்தார். அவருக்கு முன்பே இங்கே ஆட்கள் இருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்த உள்ளூர்ப் பெண்ணைத்தான் அவர் கல்யாணமும் செய்துகொண்டார். அதையும் எழுத வேண்டும் என்று நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தின் மேலாளரிடம் சொன்னேன். நானே சொன்னேன் பெரியப்பா, வாயைத் திறந்து.

வாரிசுகள் சங்கம் வைத்திருக்கிறார்கள். எங்கள் கூடத்துச் சுவரில் அவர்களுடைய வம்ச மரத்தை வரைய வேண்டும், வீடு வீடாகப் போய் விசாரிப்பது என் வேலை. சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். பேச நேரமில்லை, வேண்டுமானால் நாற்காலியில் உட்கார் என்றார். உட்கார்ந்தேன். "எங்க வம்சத்துல மூத்த கிளை எங்களோடதுதாம்மா. நல்லாத் திற. அவரோட குடும்பப் பேரு இன்னிக்கும் எங்ககிட்டதான் இருக்கு. ம், கொப்பளி." கேள்வி கேட்க எனக்கு வாய் கிடைக்கவில்லை. என் வாய் அவர் கையில் இருந்தது. சொத்தை ஒன்றும் இல்லை என்று மட்டும் தெரிந்துகொண்டு வந்தேன்.

அடுத்து சலவைக்கடை அம்மா. அவரைப் பற்றி டாக்டர், "ஏதோ கசின்" என்று மட்டும் சொல்லியிருந்தார். கடைக்குள் போனதும் அந்த அம்மா, "வந்ததே வந்தே, அந்த முனையைப் பிடி" என்று ஒரு படுக்கை விரிப்பை என் கையில் கொடுத்துவிட்டார். மடிக்க மடிக்க நாங்கள் கிட்டே வருவோம், ஒரு வாக்கியம் பேசுவோம், அடுத்த விரிப்புக்காக விலகுவோம்.

"டாக்டர் உங்களுக்கு என்ன முறை?"

"கசின்."

"என்ன கசின்?"

"கசின்ல என்ன கசின்? நல்லா இழுத்துப் பிடி."

நம் வீட்டில் நடக்கத் தொடங்கிய குழந்தைகூட சித்தப்பா யார், மாமா யார் என்று பிரித்துச் சொல்லும். இவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லில் சுருட்டி வைத்திருக்கிறார்கள். அதனால் நான் நம் முறையில் கேட்டேன். "உங்க அம்மா, டாக்டரோட அப்பாவுக்கு அக்காவா, தங்கச்சியா?"

"அக்கா. காதைத் திருகித் திருகியே தம்பியை வளர்த்தா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரில் வரையச் சங்கம் கொடுத்திருந்த மாதிரிப் படத்தில் மகன் என்றால் கிளை, மகள் என்றால் இலை. இலைக்கு அப்புறம் எதுவும் முளைக்காது என்பது சங்கத்தின் கணக்கு. அந்த அம்மாவின் தாய் ஓர் இலை. இவர் எங்குமே இல்லை. விரிப்பை மடித்து வைத்துவிட்டு, "நான் போய்க் கேட்க மாட்டேன். ஆனா எங்கம்மாவுக்குக் கீழ வெறும் சுவராத்தான் இருக்கப்போகுதுன்னு நினைச்சா, நான் எங்கிருந்துதான் வந்தேன்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார்.

வரைவதற்கு முன் சங்கத்தைக் கூட்டினார்கள். அந்த அம்மாவை நான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். "பேரு மாறிடுச்சே, அவங்க வேற வீடு" என்றார் டாக்டர். எழுந்து நின்றேன். குரல் வந்தது. "சார், உங்க அப்பாவும் இவங்க அம்மாவும் கூடப் பிறந்தவங்க. இவங்க உங்களுக்கு அத்தை மகள், நீங்க இவங்களுக்கு மாமன் மகன். எங்க வீட்டு முறையில நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கலாம்."

டாக்டர் சலவைக்கடை அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரை, இவனையா?" என்றார் சலவைக்கடை அம்மா. "வாயைத் திறன்னு சொல்வான், திறந்தா பேச விட மாட்டான்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டர்தான் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிளையே போட்டுடுங்கப்பா. விட்டா இந்தப் பொண்ணு இங்கேயே எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிடும்" என்றார். இலைகள் எல்லாம் கிளைகளாயின. இப்போது மரம் சுவரில் அடங்காமல் மூலை திரும்பி, கழிப்பறைக் கதவு வரை போய்விட்டது. கதவில் இருக்கும் குடும்பத்தார் மட்டும் கொஞ்சம் வருத்தத்தில் இருக்கிறார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. மரத்தை விளக்கிப் பேசப்போவது உங்கள் தம்பி மகள்தான். அப்பா வருகிறார். நீங்களும் பெரியம்மாவும் அவசியம் வர வேண்டும். வாயே திறக்காத பிள்ளை என்று யாரிடமெல்லாம் சொன்னீர்களோ, அவர்களையும் கூட்டி வரலாம்.

மேடை ஏறும் முன் உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
தங்கள் அன்பு மகள்.

பி.கு.: இந்தக் கடிதம் மரத்தைப் பற்றியதும் அல்ல, டாக்டரைப் பற்றியதும் அல்ல. அத்தையை அழைத்திருக்கிறேன். தானாக ஒருவரைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து நம் வீட்டில் யாரும் பேரைக்கூட வாய்விட்டுச் சொல்லாத, உங்கள் ஒரே தங்கையை. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும், "தம்பி ஒருத்தன்" என்றுதானே சொல்கிறீர்கள்? அத்தை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கூடவே அவர் மகளும் வருகிறாள். ரத்த உறவில் உங்களை மாமா என்று கூப்பிட இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவர்கள் உங்கள் பக்கத்து நாற்காலிகளில் வந்து உட்காரும்போது, பெரியப்பா, தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள்.